கடற்கரை பி.எச்.சி.யிலிருந்து மேற்படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, பாம்பன் தீவையும் சேர்த்து, பி.எச்.சி.யிலும் (ஆரம்ப சுகாதார நிலையம்) துணை சுகாதார நிலையத்திலும் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ், பிசியோ, லேப் டெக்னீஷியன் பலருக்கு ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. முழு உதவித்தொகையோடு எம்.எஸ்.சி., எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை) படிப்பதெல்லாம் சென்னையில் பெரிய கல்லூரியில் படித்தவர்களுக்குத்தான் என்று. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பணம் கொடுப்பவர்கள் கேட்பது இரண்டு கேள்விதான்: உங்கள் ஊரின் நோய் நொடியை எவ்வளவு கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள், படித்து முடித்து வந்து அதில் என்ன செய்வீர்கள். இரண்டுக்கும் பதில் உங்கள் வேலைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் எதற்கு விண்ணப்பிப்பது என்று பார்ப்போம். பிரிட்டன் அரசு தரும் செவனிங், ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு முழுச் செலவையும் ஏற்கும். அவர்கள் கேட்கும் அனுபவம் 2,800 மணி நேரம், அதாவது சுமார் இரண்டு வருட வேலை. ஷிப்ட் பார்க்கும் நர்சுக்கு அது தானாகவே சேர்ந்திருக்கும். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காமன்வெல்த் ஷேர்டு ஸ்காலர்ஷிப், சொந்தச் செலவில் பிரிட்டன் போய்ப் படிக்க வசதியில்லாதவர்களுக்கென்றே உள்ளது. அதில் ஆறு கருப்பொருள்கள் உண்டு, சுகாதார அமைப்பை வலுப்படுத்துவது அவற்றில் ஒன்று, நமக்கு அதுதான் பொருந்தும். சின்னப் பிள்ளைகளையும் வயதான மாமியாரையும் விட்டுவிட்டு எங்கே போவது என்று தயங்குகிறவர்கள் காமன்வெல்த்தின் தொலைதூரக் கல்வி உதவித்தொகையைப் பாருங்கள், வேலையை விடாமல் வீட்டிலிருந்தே முதுகலை முடிக்கலாம். எந்தத் திட்டமானாலும் அந்தந்த ஆண்டின் நாடுகள் பட்டியலையும் விதிகளையும் ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

தாழ்த்தப்பட்ட வகுப்பினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தினர் என்றால் மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், தகுதிப் படிப்பில் 60 சதவீதம். பழங்குடியினருக்குத் தனித் திட்டம். இதற்கு வருமானச் சான்றிதழ் புதிதாக வேண்டும், இ-சேவை மையத்தில் முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

மலேரியா, யானைக்கால், காசநோய் மாதிரி ஏழைகளைத் தாக்கும் தொற்றுநோய்களில் களப்பணி செய்தவர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் டி.டி.ஆர். என்ற வெப்பமண்டல நோய் ஆராய்ச்சி, பயிற்சித் திட்டத்தைக் கவனியுங்கள். டாக்காவின் பிராக் பல்கலைக்கழகம், இந்தோனேசியாவின் கஜா மாடா போன்ற இடங்களில் செயலாக்க ஆராய்ச்சியில் (தெரிந்த சிகிச்சையை மக்களிடம் சரியாகக் கொண்டுசேர்ப்பது எப்படி என்று ஆராய்வது) முதுகலை படிக்க உதவித்தொகை கிடைக்கும். ராமேஸ்வரம் தீவில் மலேரியாவுக்காக ரத்தத் தடவல் எடுத்து அலைந்த அனுபவம் இங்கே உண்மையான தகுதி. நம் ஆட்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

அரசு டாக்டர்களுக்கு வழி வேறு. பணியில் இருப்போருக்கான முதுநிலை ஒதுக்கீட்டை மாநிலங்கள் தரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் முதலில் அந்தப் பக்கம் பாருங்கள்.

சரி, காகிதங்கள். பாஸ்போர்ட், டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரி மதிப்பெண் விவரம்), நர்சிங் கவுன்சில் பதிவு, சர்வீஸ் சர்டிபிகேட், துறையின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று). இந்த வரிசையில் கடைசியில் உள்ளதுதான் அதிகக் காலம் எடுக்கும், அதனால் அதை முதலில் தொடங்குங்கள். மெடிக்கல் ஆபீசரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், மாவட்ட சுகாதார ஆபீசுக்கு ஃபைல் போன தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணி என்றால் படிப்பு விடுப்பு, திரும்பி வந்து பணியாற்ற வேண்டிய ஒப்பந்தம் இரண்டையும் கேளுங்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள், போய் வந்தால் சர்வீஸ் தொடருமா என்பதை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிப்பதையும் தள்ளிப் போடாதீர்கள்.

இனி கட்டுரை. தேர்வு நடப்பதே இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

"சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு" என்று ஆரம்பிக்காதீர்கள். படிக்கிறவர் அதே வரியை அன்று காலையிலிருந்து படித்துக்கொண்டிருப்பார். அதற்குப் பதிலாக உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சிக்கலை எடுங்கள். உதாரணத்துக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோகிறீர்கள், பெண்கள் வாங்கிக்கொள்கிறார்கள், ஆண்கள் கடலில் இருக்கிறார்கள் அல்லது இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்கள், மாத்திரை இடையிலேயே நின்றுபோகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அந்தச் சமயத்தில் பரிசோதனையை முடித்து, மற்ற மாதங்களில் படகு கரைக்கு வரும் நேரத்துக்கு ஏற்ப ஏலக்கூடத்திலேயே மாத்திரை கொடுத்தால் தொடர்ச்சி கூடுமா? இந்தக் கேள்வியை லண்டனில் உட்கார்ந்து யாரும் யோசிக்க முடியாது. பிறகு, இதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு எந்தத் திறமை குறைகிறது (மாதிரி எடுப்பு, புள்ளியியல், திட்ட மதிப்பீடு), அதை நீங்கள் தேர்ந்தெடுத்த படிப்பின் எந்தப் பாடம் தரும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கட்டுரையின் பாதி வேலை முடிந்தது.

மனநல நர்சிங் பக்கம் போகிறவர்கள், மனநோயாளிகளைத் தர்காவுக்கு அழைத்து வரும் நம் ஏர்வாடியைத் தொடாமல் எழுத முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில் 28 மனநோயாளிகள் இறந்ததை ஒரு வரியில் சொல்லலாம், அதோடு நிறுத்தினால் அது செய்தித்தாள் துணுக்குதான். இன்று உங்கள் ஓ.பி.க்கு வரும் குடும்பம் மாத்திரையை ஏன் பாதியில் விடுகிறது, தர்காவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே எப்படி அலைகிறது என்று நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். நம்பிக்கையைக் கேவலமாகப் பேசி எழுத வேண்டாம், அந்தக் குடும்பங்களோடுதான் நாளைக்கும் வேலை செய்யப் போகிறீர்கள்.

பின்தங்கியிருப்பதால் கூடுதல் கவனம் தேவை என்று நிதி ஆயோக் 2018இல் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் (Aspirational Districts) தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும்தான். வளர்ச்சிக்கு உங்கள் பங்கு என்ன என்று கேட்கும் பத்தியில் இதைத் தவறாமல் சேருங்கள். நோயாளிகளின் பெயர் எங்கும் வரக்கூடாது. சின்ன மீனவக் குடியிருப்பில் தெருவையும் வயதையும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், அதையும் தவிருங்கள். ரிஜிஸ்டரிலுள்ள எண்ணிக்கையை எழுத அனுமதி வாங்குங்கள்.

ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். முதலில் தமிழில் எழுதி முடித்துவிட்டு, சொல்ல வந்தது நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். ஏஜென்டிடம் கொடுத்து எழுதி வாங்காதீர்கள், நேர்முகத்தில் உங்கள் பேச்சும் அந்த எழுத்தும் ஒட்டாது. செவனிங்குக்கோ காமன்வெல்த்துக்கோ விண்ணப்பக் கட்டணம் கிடையாது, கேட்கிறவரை நம்ப வேண்டாம்.

ரெஃபரன்ஸ் லெட்டருக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடி ஓடாதீர்கள். உங்கள் கூட நின்று பிரசவம் பார்த்த மெடிக்கல் ஆபீசர், உங்களோடு வீடு வீடாக வந்த செக்டார் நர்ஸ் (கிராம நர்சுகளின் மேற்பார்வையாளர்) அக்கா எழுதினால் அதில் உயிர் இருக்கும். அவர்களுக்கு நேரமிருக்காது, எனவே நீங்கள் செய்த நாலைந்து வேலைகளை ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள், கடைசித் தேதியையும் அதிலேயே எழுதுங்கள்.

செவனிங், காமன்வெல்த் ஷேர்டு விண்ணப்பங்கள் பொதுவாக ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான் திறந்திருக்கும். அதில் பாதி நமக்கு வடகிழக்குப் பருவமழை, புயல் எச்சரிக்கை, கரண்ட் கட், நெட் போய்விடும் காலம். பிரிட்டன் நேரம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நமக்குப் பின்னால் இருக்கிறது என்பதைக் கணக்கில் வைத்து, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, வந்த ஒப்புதல் மின்னஞ்சலை பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

இந்த வருடம் கிடைக்கவில்லை என்றால் அதே கட்டுரையை மெடிக்கல் ஆபீசரிடம் படிக்கக் கொடுத்து, திருத்தி, அடுத்த ஆகஸ்டில் மறுபடி போடுங்கள். கிடைத்துவிட்டால், உதவித்தொகைக் கடிதமும் விடுப்பு ஆணையும் இரண்டும் கைக்கு வரும்வரை வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.