கொழும்பில் பாலியல் தொழிலாளியோடு மரியாதையாகக் கதைப்பது எப்படி

முதல் வாட்ஸ்அப் செய்தியிலேயே 'நீ', 'வாடி' வேண்டாம், காசு கொடுப்பதால் யாரும் உங்களுக்கு 'நீ' ஆகிவிடுவதில்லை. 'வணக்கம் மிஸ், இப்ப கதைக்கலாமா?' என்று தொடங்குங்கள். அவர் சொன்ன பெயரையே பாவியுங்கள், சொந்தப் பெயரையும் ஊரையும் தோண்டாதீர்கள். 'தங்கச்சி' வெள்ளவத்தைக் கடையில் சரி, இங்கே கேட்கவே ஒரு மாதிரி.

'சரக்கு', 'ஐட்டம்', சிங்களத்தில் 'படு' (சாமான்) எல்லாமே ஆளைச் சாமானாக்கும் சொற்கள். அவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு சொல்லலாம், நீங்கள் சொல்ல ஏலாது. 'பாலியல் தொழிலாளி' போதும். அவர் உங்களை 'சேர்' என்றால் அது தொழில் மரியாதை, காதல் இல்லை.

காசை ஒருதரம் தெளிவாகக் கேளுங்கள், புறக்கோட்டையில் சாரம் வாங்குவதுபோல 'கொஞ்சம் குறைங்கோ' என்று இழுக்காதீர்கள். 'ஏலாது' என்றால் ஏலாதுதான், காரணம் கேட்காமல் சரி என்று விடுங்கள்.

அப்புறம், பொலிஸ் பெயரைச் சொல்லிப் பகிடி விடவே கூடாது: 1841ஆம் ஆண்டின் வேக்ரன்ட்ஸ் (அலைந்து திரிவோர்) கட்டளைச் சட்டத்தைக் காட்டித் தெருவில் நின்ற பெண்களைப் பிடித்த ஊர் இது, உங்களுக்குப் பகிடி, அவருக்கு வயிறு கலங்கும்.