கட்சுரா அரண்மனைத் தோட்டத்தைப் பார்க்கும் முறை

ஜப்பானின் கியோட்டோ நகரின் மேற்கே, கட்சுரா ஆற்றை ஒட்டி, இளவரசர் தொஷிஹித்தோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்து, அவருடைய மகன் தொஷித்தடா விரிவாக்கிய கட்சுரா அரண்மனை, நினைத்த நேரத்தில் உள்ளே நுழையக்கூடிய இடமன்று. பேரரசர் குடும்பத்துக்கான அரசு முகமை நடத்தும் வழிகாட்டிச் சுற்றில் மட்டுமே பார்க்க முடியும் என்பதால், முகமையின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். அன்றன்றைக்குச் சில இடங்கள் கிடைப்பதுண்டு; அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். ஹான்க்யூ ரயில் பாதையின் கட்சுரா நிலையத்திலிருந்து சுமார் 20 நிமிடம் நடக்க வேண்டும்.

சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். கட்டடங்களுக்குள் அனுமதியில்லை என்று ஏமாற்றமடையத் தேவையில்லை. இங்கே பார்க்க வேண்டியது நடைபாதையைத்தான். சமமற்ற படிக்கற்கள் பார்வையைத் தரையிலேயே கட்டிப்போடும். கால் வைக்கச் சற்று அகலமான கல் வந்து நீங்கள் தலை நிமிரும்போது, அதுவரை மறைந்திருந்த குளமோ ஒரு தேநீர்க் குடிலின் கூரையோ எதிரே நிற்கும். தொடக்கத்திலேயே குளத்தை மறைத்து நிற்கும் சுமியோஷி பைன் மரமும் இந்தக் கண்ணாமூச்சியின் பகுதிதான். ஆகவே தட்டையான அடியுள்ள காலணி அணியுங்கள். நடந்துகொண்டே படமெடுக்காமல் நின்று எடுங்கள். கயிற்றால் கட்டிய சிறு கல் பாதையில் இருந்தால், அவ்வழி செல்லக் கூடாது என்று பொருள்.

ஷோகின்தெய் குடிலில் நீலமும் வெள்ளையுமான கட்டங்கள் கொண்ட தாள் ஒட்டிய சுவரை நிதானமாகப் பாருங்கள். அந்தக் காலத்து வேலை என்று நம்புவது கடினம். முதன்மை மாளிகையை அடைந்ததும், குளத்தை நோக்கி நீளும் மூங்கில் மேடையைத் தேடுங்கள்: நிலவைப் பார்க்கவே கட்டியது அது. 1933இல் இங்கு வந்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் இந்த எளிமையைப் பெரிதும் போற்றி எழுதினார்.

வெளியே வந்த பின் உடனே நிலையத்துக்குத் திரும்பாமல், ஆற்றுப் பக்கமாக மதிலை ஒட்டி நடந்து பாருங்கள். உள்ளே வேரூன்றி வளரும் மூங்கில்களை, வெட்டாமல் உயிரோடு வளைத்துப் பின்னிய வேலி அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கப் பதிவு எதுவும் தேவையில்லை.