நில வெடிப்பை அளக்கப் போகுமுன்

டெல்லியில் நிலவியல் பயிலும் நம் தமிழ் மாணவர்கள், நிலநடுக்கம் நேர்ந்த இடத்துக்குக் களப்பணிக்குச் செல்லும்போது, கண்ணில் படும் வெடிப்பையெல்லாம் ஆழத்துப் பிளவுக்கோட்டின் (பூமிக்குள் பாறை உடைந்து இரு பக்கமும் நகரும் இடம்) நகர்வு என்று குறிப்பேட்டில் எழுதிவிடக் கூடாது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியபோது நிலம் பல இடங்களில் வெடித்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஈரமண் குழைந்து பக்கவாட்டில் விலகியதால் உண்டானவை, முதன்மைப் பிளவு மேற்பரப்பை எட்டவில்லை. ஆகவே வரப்பு, வேலி, தார்ச்சாலை போன்றவை வெடிப்பைக் குறுக்கே கடக்கும் இடங்களைத் தேடிப் பிடித்து, பக்கவாட்டு நகர்வையும் செங்குத்து நகர்வையும் தனித்தனியாக அளந்து, வெடிப்பு ஓடும் திசையையும் திசைகாட்டியால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். மேட்டின் விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்பு, பெரும்பாலும் மண்சரிவின் அடையாளமே. படத்தில் அளவுகோல் தெரியட்டும் (பேனாவை வைத்து எடுப்பவர்கள் பின்னால் வருந்துவார்கள்). வரப்பின் விளிம்பை ஒரே மழை கரைத்துவிடும் என்பதால், அதை முதலில் அளப்பது நல்லது.