ஆய்வு முடிவு சிகிச்சையாக மாறும் வழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வில் கிடைத்த நல்ல முடிவு தானாகவே நல்ல சிகிச்சையாகிவிடும் என்ற நம்பிக்கையால் உயிர்கள் பறிபோயிருக்கின்றன. அவசரத்தால் போனவையும் உண்டு, தாமதத்தால் போனவையும் உண்டு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏதோ ஓர் அளவீடு சீரானதைக் கண்டு நோயாளியே தேறிவிட்டதாக முடிவுகட்டுவது. மாரடைப்புக்குப் பின் இடையிடையே தோன்றும் ஒழுங்கற்ற இதயத் துடிப்புகள் திடீர் மரணத்தோடு தொடர்புடையவை என்பதால், அவற்றை அடக்கினால் உயிரைக் காக்கலாம் என்று கருதி, என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு போன்ற மருந்துகளை அமெரிக்க மருத்துவர்கள் கொடுத்துவந்தனர். இசிஜி பதிவில் அந்தத் துடிப்புகள் அடங்கியது உண்மைதான். ஆனால் 'காஸ்ட்' என்ற ஆய்வில், இம்மருந்துகளைப் பெற்றவர்களை மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களுடன் ஒப்பிட்டபோது, மருந்து பெற்றவர்களிடையே இறப்பு இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது 1989-இல் தெரியவந்தது. நோயாளி கூடுதல் காலம் வாழ்கிறாரா, வேதனை குறைந்து வாழ்கிறாரா என்பதை நேரடியாக அளக்காத ஆய்வை, எத்தனை நேர்த்தியானதாக இருந்தாலும், சிகிச்சைக்குப் போதிய ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

ஓரிடத்தின் வழக்கத்தைச் சோதிக்காமல் வேறிடத்துக்குப் பொருத்துவதும் இதே போன்ற பிழைதான். கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றிய குழந்தைகளுக்கு இரத்த நாளத்தின் வழியாக விரைவாகத் திரவம் ஏற்றுவது நெடுநாளைய பரிந்துரை. தீவிர சிகிச்சை வசதியற்ற கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் அதைச் சோதித்த 'ஃபீஸ்ட்' ஆய்வு 2011-இல் வெளிவந்தபோது, அவ்வாறு ஏற்றப்படாத குழந்தைகளைவிட, ஏற்றப்பட்ட ஒவ்வொரு 100 குழந்தைகளிலும் சுமார் 3 பேர் இரண்டு நாட்களுக்குள் கூடுதலாக இறந்திருந்தனர்.

உறுதியான ஆதாரத்தைக் கிடப்பில் போடுவதும் உயிரைப் பறிக்கும். குறைப்பிரசவ அபாயமுள்ள தாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குழந்தையின் மூச்சுத்திணறல் குறையும் என்பதை நியூசிலாந்து மருத்துவர்களான லிகின்ஸும் ஹவீயும் 1972-இலேயே வெளியிட்டனர். அதன் பின் வந்த ஆய்வுகளை யாரும் முறையாகத் திரட்டிப் பார்க்காமல் ஆண்டுகள் கழிந்தன. 1994-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்த பிறகே அங்கு அது பரவலான வழக்கமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகளை எண்ணும்போது மனம் கனக்கிறது.

சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது கடைசித் தவறு. பெரிய இரத்தக் குழாயில் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செருகும்போது தொற்றைத் தடுக்கும் முறைகள் மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்தவைதான்: கை கழுவுதல், உடல் முழுவதும் மூடும் விரிப்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடை இடுக்கைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் கதீட்டரை எடுத்துவிடுதல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் பீட்டர் புரொனோவோஸ்ட் குழுவினர் இவற்றைச் சரிபார்ப்புப் பட்டியலாக்கியதோடு நிற்கவில்லை. தேவையான பொருட்கள் அனைத்தையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தனர். அவசர நிலை அல்லாதபோது, ஒரு படி விடுபட்டாலும் மருத்துவரை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைச் செவிலியருக்கு அளித்தனர். தொற்று எண்ணிக்கையை அந்தந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே தவறாமல் தெரிவித்தனர். 2006-இல் வெளியான அவர்களது முடிவின்படி, 1,000 கதீட்டர் நாட்களுக்கு (ஒரு கதீட்டர் ஒரு நாள் உடலில் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள்) 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை (median) விகிதம் மூன்று மாதங்களுக்குள் பூஜ்யமாயிற்று. புதிய மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.