கெத்துபாவைக் காதல் கடிதமாக்காதீர்கள்

யூதர்களின் திருமண ஒப்பந்தமான கெத்துபாவைத் தமிழில் விளக்கி எழுதுவது என் வேலை. இதற்குப் புதிதாக வருகிறவர்கள் சரிபார்க்க அனுப்பும் வரைவுகளைப் படித்தால், என் பழைய நோட்டைப் புரட்டுவது போலிருக்கிறது. எழுத்துப் பிழை, பெயர்க் குழப்பம் எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். நான் சொல்ல வருவது வேறு.

200 சூஸ், பரிசப் பணமா?

இதுதான் இன்றும் எரிச்சல் தருவது. கன்னிப் பெண் என்றால் 200 சூஸ் (பழைய வெள்ளிக் காசு), கைம்பெண் என்றால் 100. பக்கத்திலேயே மணப்பெண்ணுக்கான பணத்தைக் குறிக்கும் 'மொஹர்' என்ற சொல். பார்த்ததும் நமக்குப் பரிசம் போடுவதுதான் நினைவுக்கு வரும். நானும் ஒரு கண்காட்சிப் பலகையில் "மணமகளுக்குக் கொடுத்த விலை" என்று எழுதினேன். அச்சாகிச் சுவரில் ஏறிய இரண்டாம் நாள், விவரம் தெரிந்த ஒருவர் வந்து, "யார் யாருக்குக் கொடுத்தது?" என்று கேட்டார். விழித்தேன். கல்யாணத்தன்று அந்தப் பணம் கை மாறுவதே இல்லை. மறு அச்சுச் செலவு என் கூலியில் கழிந்தது.

அது கடன் பத்திரம். கடன்காரன் கணவன். மனைவியை விவாகரத்து செய்தாலோ, அவன் இறந்தாலோ அவளுக்குச் சேர வேண்டிய பணம். மஹரைப் பிற்பாடு தருவதாக எழுதிவைக்கும் வழக்கம் தெரிந்த முஸ்லிம் வாசகர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்மூதில் இதற்கு ஒரு பின்கதை உண்டு. ஒரு காலத்தில் இந்தப் பணத்தைப் பெண்ணின் தகப்பன் வீட்டில் தனியாக எடுத்து வைத்தார்களாம். கோபம் வந்தால், "போ, உன் கெத்துபாவிடமே போ" என்று கணவன் அனுப்பிவிடுவான். கி.மு. முதல் நூற்றாண்டில் சிமியோன் பென் ஷேதாக் என்ற யூத அறிஞர், "என் சொத்து முழுவதும் இதற்குப் பிணை" என்று எழுதவைத்தார். காட்டை மேட்டை விற்றுத்தான் அனுப்ப வேண்டும் என்றால் எவனும் ஒரு ராத்திரி யோசிப்பான்.

அந்தப் பிணை "என் தோளில் கிடக்கும் மேலங்கி வரை" நீளும். சமீபத்தில் வந்த வரைவில் இந்த வரி "உனக்காக என் மேலாடையையும் தருவேன்" என்று கவிதையாகியிருந்தது. காதல் இல்லை ஐயா, ஜப்தி! சவக்கடல் பக்கத்துக் குகையில் 1961-இல் பாபதா என்ற பெண்ணின் ஆவணக் கட்டு கிடைத்தது. கணவன் இறந்ததும் மஹோஸா என்ற ஊரிலிருந்த அவனுடைய பேரீச்சந்தோப்புகளைத் தனக்கு வர வேண்டிய பணத்துக்காகப் பிடித்துவைத்து, விளைச்சலை விற்றவள் அவள். கி.பி. 130-இல்.

மணமக்கள் கையெழுத்து இல்லையே?

பத்திரம் அரைகுறை என்று எழுதிவிடாதீர்கள். முக்கியம் இரண்டு சாட்சிகள். அவர்கள் மணமக்களுக்கோ ஒருவருக்கொருவரோ உறவாக இருக்கக் கூடாது. மணமகனும் கையெழுத்திடுவது சில சமூகங்களின் வழக்கம்.

மொழி

எழுத்து எபிரேயம். மொழி பெரும்பாலும் அரமேயம்.

கிழமை

யூதர்களுக்கு நாள் பிறப்பது பொழுது சாய்ந்ததும். "வாரத்தின் நான்காம் நாள்" என்றிருந்து, கல்யாணம் இருட்டிய பிறகு நடந்திருந்தால், நம் காலண்டரில் அது செவ்வாய்.

வேறு மையில் ஒரு கோடு

ஒப்பந்தம் உறுதியானதைச் சொல்லும் 'வெகனீனா' என்ற சொல்லில், கோஃப் என்ற எபிரேய எழுத்தின் காலை மட்டும் எழுதாமல் விட்டுவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மணமகன் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தக் காலை இழுப்பார்கள். அதனால் அது தடிமனாகவோ சாய்ந்தோ இருக்கலாம். அதைப் "பிற்காலத் திருத்தம்" என்று குறிக்காதீர்கள். நான் குறித்திருக்கிறேன், இரண்டு முறை.