வான்கோவோட பூ ஓவியங்களை எப்படி பாக்கணும்

டச்சு ஓவியர் வான்கோன்னாலே முதல்ல அவர் தன் காதை அறுத்துக்கிட்ட கதை வந்துடும், அப்புறம் சூரியகாந்தி, ரெண்டையும் சேத்து வெச்சு பாவம் மனுஷன் எவ்ளோ கஷ்டத்துல வரைஞ்சிருக்காருன்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்கு போயிடறோம். அந்த கதையை கொஞ்ச நேரம் ஓரமா வெச்சுடுங்க. பூவை வெச்சு அவர் என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு ஒரு தடவை பிடிபட்டுடுச்சுன்னா ஒரே படத்து முன்னாடி அரை மணி நேரம் நிக்கலாம். ஓவியம் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல, எதை முதல்ல பாக்கறோம்ங்கறத மட்டும் மாத்தணும்.

முதல் வேலை, பூவை பாக்காதீங்க. பூவுக்கு பின்னாடி இருக்கற சுவர் என்ன கலர், கீழ மேஜை என்ன கலர்னு பாருங்க. ஏன்னா அவர் 1886ல பாரிஸ்ல தம்பி தியோ கூட இருந்தப்போ மாடலை உக்கார வெச்சு வரைய காசு இல்லாம, பூவா வாங்கி வெச்சு வரிசையா வரைஞ்சாரு, அதுல அவர் தேடினது கலர் ஜோடிகள். நீலத்துக்கு எதிரா ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரா பச்சை, மஞ்சளுக்கு எதிரா ஊதா. அந்த வருஷம் ஒரு ஓவிய நண்பருக்கு எழுதின லெட்டர்ல இதை அவரே சொல்லியிருக்காரு. இப்படி எதிர் கலர்களை பக்கத்துல பக்கத்துல வெச்சா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விடும், தனியா வெச்சா சாதாரணமா இருக்கற ஊதா கூட மஞ்சள் பக்கத்துல வந்தா பளிச்னு ஆயிடும். அவர் ஒரு சின்ன பெட்டியில கலர் கலரா கம்பளி நூல் உருண்டைகள் வெச்சிருந்தாரு, எந்த நூலோட எந்த நூல் சேருதுன்னு பாத்துக்கறதுக்கு. ஆம்ஸ்டர்டாம் வான்கோ மியூசியத்துல இன்னும் இருக்கு. அந்த பெட்டி ஞாபகத்துல இருந்தா அவரோட பாதி பூ ஓவியங்கள் தானா புரிஞ்சிடும்.

இப்போ சூரியகாந்திக்கு வாங்க. 1888 ஆகஸ்ட்ல தெற்கு பிரான்ஸ்ல இருக்கற ஆர்ல் ஊர்ல நாலு கேன்வாஸ் கிட்டத்தட்ட ஒரே வாரத்துல வரைஞ்சாரு, பூ சீக்கிரம் வாடிடும்னு விடியற நேரத்துலயே ஆரம்பிச்சு ஒரே மூச்சுல முடிச்சிடுவாராம். அதுல ரெண்டு ரொம்ப ஃபேமஸ், ஒண்ணு மியூனிக்ல இருக்கு, இன்னொண்ணு லண்டன் நேஷனல் கேலரியில. ரெண்டையும் ஸ்க்ரீன்ல பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சுக்கோங்க. மியூனிக் படத்துல சுவர் வெளிர் நீலப்பச்சை, அதனால மஞ்சள் பூ ஈஸியா முன்னாடி வந்துடுது, இது அவர் பாரிஸ்ல பழகின வித்தை தான். லண்டன் படத்துல அந்த உதவியையே தூக்கி போட்டுட்டாரு. சுவர் மஞ்சள், மேஜை மஞ்சள், ஜாடி மஞ்சள், பூவும் மஞ்சள்! இது எப்படி ஒண்ணோட ஒண்ணு கலந்து கூழாகாம நிக்குதுன்னு தேடறது தான் அந்த படத்தை பாக்கறதுல இருக்கற முழு சந்தோஷம், எனக்கு அவரோட பூ ஓவியங்கள்லயே இது தான் உசத்தி.

ஜாடியை மட்டும் பாருங்க. மேல் பாதி அடர் மஞ்சள், கீழ் பாதி வெளிர் மஞ்சள். மேல் பாதிக்கு பின்னாடி இருக்கற சுவர் வெளிர், கீழ் பாதிக்கு பின்னாடி இருக்கற மேஜை அடர். அதாவது மாத்தி மாத்தி போட்டிருக்காரு, அதனால தான் ஜாடி தனியா தெரியுது. கூடவே மெல்லிசா நீலக் கோடு, ஜாடி மேலேயே வின்சென்ட்னு தன்னோட முதல் பேர்ல கையெழுத்து. அவ்ளோ மஞ்சளுக்கு நடுவுல அந்த துளி நீலத்தை விரலால மறைச்சு பாருங்க, படம் லேசா தொய்ஞ்சு போன மாதிரி இருக்கும், விரலை எடுத்ததும் திரும்ப நிமிரும்.

கலருக்கு அப்புறம் பெயின்ட். ஜூம் பண்ணி ஒரே ஒரு பூவுக்குள்ள போங்க. இதழ் ஒவ்வொண்ணும் நீள நீளமா இழுத்த ஸ்ட்ரோக், நடுவுல விதை இருக்கற இடம் குத்தி குத்தி வெச்ச புள்ளிகள், அங்க பெயின்ட் தடிமனா மேடு மாதிரி நிக்கும். சுவரை கூட சும்மா விடல, கூடை முடையற மாதிரி குறுக்கும் நெடுக்குமா போட்டிருக்காரு. அந்த ஸ்ட்ரோக் போற திசையிலயே உங்க விரலை காத்துல நகத்தி பாருங்க, எங்க வேகமா போயிருக்காரு எங்க நிறுத்தி நிதானமா வெச்சிருக்காருன்னு கைக்கே தெரியும். நேர்ல பாக்க வாய்ப்பு கிடைச்சா நேரா நிக்காம கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு பாருங்க, லைட் சாய்வா பட்டா அந்த மேடு பள்ளம் எல்லாம் எழுந்து வரும்.

அப்புறம் அந்த பூக்கள்ல பாதிக்கு மேல புத்தம் புதுசு இல்ல. இதழ் கொட்டி விதை முத்தின பூ, கழுத்து தொங்கிப் போன பூ, இன்னும் சரியா விரியாத ஒண்ணு, எல்லாம் ஒரே ஜாடியில. இதை ஒவ்வொண்ணா எண்ணி எது எந்த வயசுன்னு பாருங்க, அழகான பூங்கொத்துன்னு நெனச்சது அப்படியே மாறிடும்.

ஆம்ஸ்டர்டாம்ல இருக்கற சூரியகாந்தி 1889 ஜனவரில வரைஞ்சது. ஜனவரில ஏது சூரியகாந்தி? லண்டன் படத்தை பாத்து தானே திரும்ப வரைஞ்சாரு. மேல இடம் பத்தலன்னு கேன்வாஸுக்கு மேல் ஓரத்துல ஒரு மரச்சட்டத்தை ஆணி அடிச்சு சேத்து அது மேலயும் பெயின்ட் பண்ணிட்டாரு.

அடுத்தது கொஞ்சம் மனசுக்கு கஷ்டமான விஷயம், ஆனா இது தெரியாம பாத்தா தப்பா பாப்போம். நாம இன்னைக்கு பாக்கற கலர் அவர் வெச்ச கலர் இல்ல. அவர் யூஸ் பண்ணின குரோம் மஞ்சள்ங்கற பெயின்ட் வெளிச்சம் பட்டு பட்டு பழுப்பாகும், அவர் யூஸ் பண்ணின ஒரு வகை சிவப்பு சாயம் சுத்தமா வெளுத்தே போயிடும். 1890 மே மாசம் பிரான்ஸ்ல சான் ரெமி ஊர்ல அவர் தங்கியிருந்த மனநல மருத்துவமனையை விட்டு கிளம்பறதுக்கு முன்னாடி நாலு பூங்கொத்து வரைஞ்சாரு, ரெண்டுல ஐரிஸ்ங்கற ஊதா பூ, ரெண்டுல ரோஜா. நியூயார்க் மெட்ரோபொலிட்டன் மியூசியத்துல இருக்கற ஐரிஸ் படத்துக்கு பின்னாடி இன்னைக்கு வெள்ளை மாதிரி தெரியுதே, அது ரோஸ் கலரா இருந்தது. வெள்ளை ரோஜான்னு நாம சொல்ற பூவெல்லாம் பிங்க் ரோஜா. நீலமா தெரியற ஐரிஸ் நல்ல ஊதாவா இருந்தது, ஊதால இருந்த சிவப்பு போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கு. ஓவியமும் பூ மாதிரியே வாடும்னு அவருக்கே தெரியும், காலம் எப்படியும் மங்க வெச்சிடும், அதனால கலரை தூக்கலாவே போடுவோம்னு தம்பிக்கு எழுதியிருக்காரு.

அதனால ரோஜா படத்தை பாக்கறப்போ மனசுக்குள்ள அந்த பிங்கை திரும்ப போட்டு பாருங்க. வாஷிங்டன்ல இருக்கற ரோஜா படம் இதுக்கு ரொம்ப சரியா வரும், பின்னாடி முழுக்க பச்சை, அது முன்னாடி பிங்க் பூ இருந்திருந்தா எப்படி துடிச்சிருக்கும்! அப்போ தான் அவர் ஏன் பச்சையை எடுத்தாருன்னே புரியும். ஆம்ஸ்டர்டாம் ஐரிஸ்லயும் அதே தான், எலுமிச்சை மஞ்சளுக்கு முன்னாடி இருந்தது ஊதா.

காலண்டர்லயும் போஸ்டர்லயும் இருக்கற பிரிண்டை நம்பி கலரை பத்தி முடிவு பண்ணாதீங்க, ஒவ்வொண்ணுல ஒவ்வொரு மஞ்சள். மியூசியத்தோட சொந்த சைட்ல இருக்கற பெரிய ஃபோட்டோவை எடுங்க, ஃபோன்ல கண்ணுக்கு இதமா ஸ்க்ரீனை மஞ்சளாக்கற செட்டிங் இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. ஒரு நாளைக்கு ஒரு படம் போதும்.

இதெல்லாம் பாத்து முடிச்சவங்க 1887ல பாரிஸ்ல வரைஞ்ச வெட்டின சூரியகாந்திகளை கட்டாயம் தேடி பாருங்க, ஜாடியே கிடையாது, காஞ்ச பூத்தலை மட்டும் கீழ கிடக்கும். அதுல ரெண்டை இன்னொரு ஓவியர் கோகன் தன்னோட ஓவியத்தை குடுத்து வாங்கிக்கிட்டாரு. ஆனா பெருசு நெதர்லாந்துல க்ரோலர் முல்லர் மியூசியத்துல இருக்கு, நாலு பூ, அதுல காம்பை வெட்டின இடத்துல இருந்து பாக்க ஆரம்பிங்க.