உதுவன்கந்தையில் ஐப்பசி நடை: பட்ச் பயணத்துக்கு ஆயத்தம் செய்யும் முறை

ஒரே வருடத்தில் ஒன்றாகப் படித்த பட்ச்காரர்களின் பழைய மாணவர் பயணம் என்றதும் எல்லோரும் முதலில் மலையைத்தான் தேடுகிறார்கள். வட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போடுவார், "மச்சான், இங்க போவமா" என்று இருபது பேர் சேர்ந்துகொள்வார்கள், சாப்பாட்டுப் பொறுப்பு கடைசி வாரத்தில் யாரோ ஒருவர் தலையில் விழும். நாங்களும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனோம். மூன்றாவது வருடம் நான் முறையை மாற்றினேன். யார் வீட்டில், என்ன சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் பேசி முடிப்பது; அந்த வீட்டுக்குக் கிட்ட எந்த மலை இருக்கிறதோ அதில் ஏறுவது. கேகாலைப் பக்கத்து மாவனெல்லைக்கும் அங்குள்ள உதுவன்கந்தை மலைக்கும் நாங்கள் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். வேறு பட்ச்காரர்களும் கேட்கிறார்கள் என்பதால் நாங்கள் செய்வதை எழுதிவைக்கிறேன்.

எங்களைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் திட்டம் ஆட்களைப் பொறுத்தது. நாங்கள் 1992 ஏ.எல். (உயர்தரம்) பட்ச். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, தெஹிவளை என்று சிதறி இருக்கிறோம். சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். மனைவிமாரையும் சேர்த்தால் இருபத்துநான்கு பேர். பாதிப் பேருக்குச் சீனி வருத்தம், மூன்று பேருக்கு முழங்கால் வலி. எங்களுக்கு வரலாறு படிப்பித்த சேரும் வருகிறார், அவருக்கு 79 வயது.

திகதி

ஐப்பசி என்றால் "மழையாச்சே" என்பார்கள். உண்மைதான். ஒக்டோபர், நவம்பரில் கேகாலைப் பக்கம் பின்னேரமானால் இடியோடு மழை கொட்டும். ஆனால் காலை பெரும்பாலும் தெளிவாகவே விடியும். மாசி, பங்குனியில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாத வெயில். ஐப்பசியில் பாறை குளிர்ந்து, கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையாக இருக்கும். டிசம்பரில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்களுக்கு எப்படியும் ஒரு ஹோட்டல் விருந்து நடக்கும். ஐப்பசி நடை இங்கேயே இருப்பவர்களுக்கு. அதை நான் யாருக்காகவும் தள்ளிப்போட விடுவதில்லை.

கிழமை ஞாயிறுதான். சனிக்கிழமை என்றால் புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்கள் வரமாட்டார்கள். கத்தோலிக்க நண்பர்களுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால் சனி மாலைப் பூசைக்குப் போய்வருவார்கள். பௌர்ணமிப் போயா நாளாக இருந்தால் இறைச்சிக் கடை மூடியிருக்கும், மாற்றிவிடுங்கள். வப் போயாவுக்கும் இல் போயாவுக்கும் இடையில் விகாரைகளில் பிக்குமாருக்குச் சீவரம் கொடுக்கும் கட்டின பூசைக் காலம். விடியற்காலையில் கிராமத்து வீதிகளில் பெரஹரா ஊர்வலம் போகும். வழிவிட்டு நிற்க அரை மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த நாள் தொடங்கி ஆறு நாள் கந்தசஷ்டி. இரண்டாவது வருடம் அந்த ஆறு நாளுக்குள் வந்த ஞாயிறை, யோசிக்காமல், நான்தான் குறித்தேன். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும் கொண்டுபோயிருந்தோம். எங்களில் அதிகம் பேசாத நண்பன் ஒருவன், ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருப்பவன். கிழங்கைச் சம்பலில் தொட்டு வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். ஒரு கணம் நின்றான். பிறகு துண்டை மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டான். சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருந்தது. பஸ்ஸில் கிடந்த இரண்டு கதலிப் பழம்தான் அன்று அவனுக்கு. அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

அதனால் இரண்டு விதி. தீபாவளிக்கு முந்திய ஞாயிறோ திருக்கல்யாணம் கழிந்த ஞாயிறோ எடுங்கள். மாசி சேர்ந்தது எது, சேராதது எது என்று சமைக்கிறவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கட்டச் சம்பல், சீனிச் சம்பல், கத்தரிக்காய் மோஜு மூன்றிலும் அது கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கலாம்.

கேட்கவேண்டியவற்றைக் குழுவில் கேட்காதீர்கள். "யாருக்கு மரக்கறி?" என்று போட்டால் எல்லோரும் "எனக்கு எதுவும் ஓகே" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் கோல் எடுங்கள். விரதம் உண்டா, மாட்டிறைச்சி, மாசி சேர்ப்பாரா, சீனிக் குளிசை எத்தனை மணிக்கு, கால் எப்படி? இருபத்துநான்கு பேருக்கு இரண்டு மாலை போதும். பழைய கதையும் பேசலாம்.

பாய் விரிப்பது

மாவனெல்லையில் எங்கள் நண்பன் ஒருவனின் உம்மா வீடு இருக்கிறது. பின்வளவில் பலா மரமும் கிணறும், முன்னுக்குப் பெரிய விறாந்தை. அங்கே சஹன் வைத்துச் சாப்பிடுவோம். சஹன் என்பது ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டம். நெய்ச்சோறு குவித்து, மேலே கோழி, கஜு, சுற்றிலும் சம்பல், அச்சாறு. யாரும் எழுந்து போய்ப் பரிமாறிக்கொள்ள வேண்டியதில்லை. கை கழுவுகிற தண்ணீர்க் கெண்டியே பாய்க்கு வரும். ஆளாளுக்குப் பார்சல் பிரித்துச் சாப்பிட்ட நாட்களில், ஃபோனைப் பார்த்துக்கொண்டு மூலைக்கொருவராக இருந்தோம். சஹனில் ஒரு கை சோற்றில் இருக்கும்போது ஃபோனை எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

எங்கள் கணக்கு: கோழிச் சஹன் மூன்று, மரக்கறிச் சஹன் ஒன்று, சஹனுக்கு ஒரு கிலோ பாஸ்மதி, மேலதிகமாக அரைக் கிலோ. மாட்டிறைச்சி இல்லை, உம்மா தானாகவே வேண்டாம் என்றுவிட்டார். மரக்கறிச் சஹனுக்கு நெய்ச்சோறு, கஜுக் கறி, பருப்பு, மாசி போடாத மோஜு, பப்படம். அதற்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை வாங்கி அந்த வீட்டிலேயே வைத்திருக்கிறோம். எங்கள் மனைவிமார் இருவர் உம்மாவோடு நின்று சமைப்பார்கள்; மலை ஏறமுடியாத ஆண்கள் தேங்காய் துருவுவார்கள், வெங்காயம் உரிப்பார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு வேலை கொடுங்கள். "நீங்க இருங்கோ" என்று கதிரையில் உட்காரவைத்தால் அடுத்த வருடம் வரமாட்டார்கள்.

ஒரே தட்டில் கை வைக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். வாழையிலை நாலைந்து வெட்டி வையுங்கள். எங்கள் சேர், சஹன் தொடங்கிய முதல் இரண்டு வருடம், மரக்கறிச் சஹனுக்குப் பக்கத்தில் இலை போட்டுத்தான் சாப்பிட்டார். அதற்கடுத்த வருடமும் இலையை விரித்தோம். அவர் அதை மடித்துப் பாய்க்குக் கீழே வைத்துவிட்டு, தட்டத்தின் தன் பக்கத்துச் சோற்றில் கை வைத்தார். நாங்கள் யாரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

வீட்டுக்காரருக்குச் செலவு வைக்காதீர்கள். மரக்கறியைச் சனிக்கிழமை காலை பேலியகொடை மெனிங் சந்தையில் வாங்குகிறோம், கோழி மாவனெல்லையிலேயே, கஜுவைப் போகிற வழியில் கஜுகமவில். எரிவாயுவுக்கும் காசு கொடுக்கவேண்டும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்படி ஒரு வீடு கிடைக்காவிட்டால் கொழும்பில் சமைத்துத்தான் கொண்டுபோகவேண்டும். விடிய மூன்று மணிக்குச் சமைத்த தேங்காய்ப்பால் கறி பகல் ஒரு மணிக்குப் புளித்துவிடும். சூட்டோடு மூடிய சோறு வியர்த்துப் பழுதாகும். புளிச்சாதம், உருளைக்கிழங்குப் பிரட்டல், அவித்த முட்டை, கட்டச் சம்பல் என்று பால் சேராததாக எடுங்கள். சோற்றை ஆறவிட்டு இலையில் கட்டுங்கள்.

போவது

இருபத்தாறு இருக்கை ரோசா பஸ் ஒன்று போதும். வெள்ளவத்தையில் அதிகாலை நாலரைக்கு எடுத்தால், கொட்டாஞ்சேனையில் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு, கண்டி வீதியால் நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை தாண்டி ஏழரைக்குள் மாவனெல்லை. தூரம் சுமார் 90 கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் ஒரு தடவை கட்டாயம் நிறுத்தவேண்டும். சுத்தமான டொய்லட் உள்ள இடத்தை முன்கூட்டியே பார்த்துவைப்பது ஏற்பாடு செய்பவரின் கடமை. பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வருவதற்கு அப்படி ஒரு இடம் இல்லாததுதான் காரணம்.

போனதும் காலைச் சாப்பாடு: அவித்த மரவள்ளி, இரண்டு விதச் சம்பல். கிழங்கைப் பானையைத் திறந்துவைத்து அவிக்கவேண்டும். கூடவே இஞ்சிப் பிளேன்டீ ஊற்றாதீர்கள். மரவள்ளியோடு இஞ்சி கூடாது என்று எங்கள் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், பாதிப் பேர் கோப்பையைத் தொடமாட்டார்கள்.

முந்திய நாள் மாலை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. மாவனெல்லைக்கு மஞ்சள் வந்தாலே நாங்கள் மலையை விட்டுவிட்டுச் சாப்பிட மட்டும் போவோம்; அதற்கு மேல் என்றால் பயணமே இல்லை. பக்கத்து அரநாயக்க, 2016 மே 17 அன்று மலை சரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போன இடம். பஸ்ஸுக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

ஏறுவது

எட்டு மணிக்கு ஏறத் தொடங்கி, எங்கே நின்றாலும் பத்தரைக்குத் திரும்பவேண்டும். உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும் திரும்பவேண்டும். இந்த நேரத்தைக் காக்க ஒருவரை நியமியுங்கள். அவர் சொன்னால் பேச்சில்லை. எங்கள் வயதுக்கு ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி. ஆக மெதுவாக நடப்பவர் முன்னால், வேகமானவர் கடைசியில். இதை மாற்றினால் கூட்டம் அறுந்துபோகும்.

இறப்பர் மரங்களுக்குள் அட்டை உண்டு. காற்சட்டையை மேசுக்குள் விட்டு, மேசின் மேல் ஈரச் சவர்க்காரம் தேயுங்கள். கடித்தால் இழுக்காதீர்கள், கொஞ்சம் உப்போ தேசிக்காய்ச் சாறோ வைத்தால் விழும். சருகுக்குள் கை வைக்கவேண்டாம், விரியன் கிடக்கும். பாறை இடுக்கில் குளவிக்கூடு இருக்கலாம், அதனால் மேலே சிகரெட்டும் இல்லை, சத்தமும் இல்லை. முதல் இடிச் சத்தம் கேட்டதும் வெட்டைப் பாறையை விட்டு இறங்குங்கள். தனி மரத்துக்குக் கீழே நிற்காதீர்கள். 1990 இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லோர் ஃபோனிலும் போட்டுவையுங்கள். மாவனெல்லையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

மேலே நின்றால் பைபிள் ரொக் என்ற மலை தட்டையாகத் தெரியும். நாங்கள் நிற்கும் உதுவன்கந்தைதான், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொள்ளைக்காரன் சரதியல் ஒளிந்திருந்த மலை. அந்தக் கதையை மேலே யாரும் சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம்; கீழே சேர் காத்திருப்பார். சாப்பிட்டு முடிந்து வட்டலப்பம் வரும்போது அவர் தொடங்குவார். 1864 மார்ச் 21, மாவனெல்லையில் ஒரு வீட்டைப் பொலிஸ் சுற்றிவளைத்தது, துவான் சபான் என்ற மலாய்க் கொன்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தது, அதனால்தான் இன்றும் அந்தத் திகதி பொலிஸ் வீரர்கள் தினம். சரதியலையும் அவனுடைய கூட்டாளி மம்மாலி மரிக்காரையும் அதே வருடம் மே 7 அன்று கண்டியில் ஒன்றாகத் தூக்கிலிட்டார்கள். திகதிகளைக் கடதாசி பார்க்காமல் சொல்வார். "ஏன் மரிக்கார் விட்டுட்டுப் போகல்ல?" என்று வகுப்பில் கேட்ட மாதிரியே எங்களைக் கேட்பார். ஒவ்வொரு வருடமும் ஒருவர் வேறு பதில் சொல்கிறார். உங்கள் ஆசிரியர் ஒருவர் இன்னும் நடமாடக்கூடிய நிலையில் இருந்தால், மலை ஏறாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு முன் இருக்கையும், பகல் குளிசைக்கு ஒரு ஆளும் ஒதுக்குங்கள்.

இரண்டரைக்குப் புறப்பாடு. அதற்குள் தட்டம் கழுவி, முற்றம் கூட்டி, குப்பையை நாங்களே பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். கேகாலை தாண்டும்போது பெரும்பாலும் மழை பிடித்துவிடும். எல்லோரும் தூங்கிப்போவதற்கு முன், வரக்காப்பொலவில் தேநீருக்கு நிற்கும்போதே காசுக் கணக்கை வாசித்துவிடுங்கள். அடுத்த ஐப்பசி ஞாயிறையும், கலண்டரில் சஷ்டி பார்த்து, அங்கேயே குறியுங்கள். அதற்குப் பிறகு கேட்டால் ஒருவரும் பிடிபடமாட்டார்கள். சேரை இறக்கும்போது இரண்டு பேர் குடையோடு இறங்கவேண்டும், ஒருவர் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறவேண்டும். உம்மா கட்டிக்கொடுத்த வட்டலப்பம் அதற்குள்தான் இருக்கும்.